எட்டாம் நம்பர் அறை

மேலப்பெருமாள் மேஸ்திரி வீதியில்
எங்கள் லாட்ஜில் எட்டாம் நம்பர்
பெரும்பாலும் காலி.
சனிக்கு உரிய எண்ணாம்.
பெண் பார்க்க வந்தவர்கள்,
கோர்ட்டு வாய்தாவுக்கு வந்தவர்கள்
சாவியைப் பார்த்ததும் வேறு கேட்பார்கள்.

ஃபோஷானிலிருந்து வந்தவனுக்கு
நாலாம் நம்பரைத்தான் எடுத்து வைத்திருந்தேன்,
புது ஃபேன், தெருப் பக்க ஜன்னல்.
சாவியில் தொங்கிய எண்ணைப் பார்த்து
இரண்டடி பின்னால் போனான்.
போனை நீட்டினான். அதற்குள்ளிருந்து ஒரு பெண்
பட்டிமன்றத் தமிழில் சொன்னாள்:
'எமது மொழியில் நான்கும் சாவும் ஓரொலி உடையன.
எட்டு உண்டெனில் மகிழ்வேன்.
எட்டு செல்வம் பெருக்கும்.'
பதினோரு வருஷத்தில்
எட்டைக் கேட்டு வாங்கிய முதல் ஆள்.

சி ஃபாரத்தில் எழுதினேன்: லியாங் வெய்காங்.
எது நீ, எது அப்பா என்றேன்.
முன்னால் நிற்பது குடும்பமாம்.
எனக்கும் அப்பா முன்னால்தான் நிற்கிறார்,
ஓர் எழுத்தாக, புள்ளி வைத்து.
கோமதிநாயகம் அவன் வாயில் நுழையவில்லை,
கோ என்று நிறுத்திக்கொண்டான்.
கோ என்றால் எங்களுக்கு அரசன்.
அவர்கள் ஊர்ப் பேச்சில் அண்ணனாம்.
ஒன்பதாயிரம் சம்பளத்துக்கு
அண்ணனே போதும்.

கப்பலூரில் பிளாஸ்டிக் குடம் வார்க்கும் மிஷினை
மாட்டிக்கொடுக்க வந்தவன்.
பங்குனி வெயிலில் தார் இளகும் மதியத்திலும்
வெந்நீர் கேட்பான்.
'காய்ச்சலா அண்ணே' என்பான் ரூம்பாய் செய்யது.
காய்ச்சல் இல்லை, பழக்கம்.
ஜிகர்தண்டா வாங்கிக் கொடுத்தோம்.
ஐஸ் முழுக்கக் கரையும்வரை
கையில் வைத்துப் பேசிக்கொண்டிருந்தான்.

டீக்கடையில் கிளாஸ் வந்ததும்
இரண்டு விரலால் பெஞ்சைத் தட்டினான்.
'எதுக்குய்யா அவசரப்படுத்துறான்' என்று மாஸ்டர் எகிறினார்.
நன்றியாம் அது. விரல்கள் மண்டியிடுகின்றனவாம்.
மாஸ்டர் நம்பவில்லை.
ஆனாலும் மறுநாள் வடை பெரிதாக இருந்தது.
காசுக்கு ஸ்கேன் அட்டை முன் போனைப் பிடித்தான்.
அவன் ஊரில் கீரைக்கட்டு வரை இதே அட்டைதான்,
கல்யாண மொய்கூட சிவப்பு உறையின் படமாகப் பறக்குமாம்.
இரண்டும் ஒரே கறுப்புக் கட்டம்.
ஒன்று மற்றதைப் படிக்கவில்லை.
நான் பத்து ரூபாய்த் தாள் கொடுத்தேன்.

ஒரு காலை அவன் வேலைக்குப் போகவில்லை.
போனைச் சுவரில் சாய்த்து
எதிரே நின்றிருந்தான்.
திரையில் மலைச்சரிவு, தூறல்,
அம்மாவின் கல்லறையில் அக்கா புல் பிடுங்குகிறாள்.
வருஷத்தில் ஒரு நாள் கூட்டித் துடைத்துக் கும்பிடுவார்களாம்.
காகித செல்போன் ஒன்றை எரித்தார்கள்,
கூடவே காகித சார்ஜர்.
நாங்கள் எள்ளும் தண்ணீரும் இறைப்போம்,
வைகையில் தண்ணீர் இருந்தால்.
சார்ஜர் எங்கள் யாருக்கும் தோன்றவில்லை.

மிஷின் ஓடிய மறுநாள் முதலாளி வந்தார்,
ஒரு பொன்னாடை, ஒரு சுவர்க்கடிகாரம்.
தெற்குக் கோபுரம் அச்சடித்தது,
பெட்டிக்குள்ளேயே ஓடிக்கொண்டிருந்தது.
இரண்டு கையாலும் வாங்கினான்.
முகம் மட்டும்
நாலாம் நம்பர் சாவியைப் பார்த்த முகம்.
சட்டைப்பையைத் துழாவி
ஒரு ரூபாய்க் காசை முதலாளி உள்ளங்கையில் வைத்தான்.
'என்னப்பா, விலையா கொடுக்குறான்?'
போன் பெண் தொடங்கினாள்:
'கடிகாரம் ஈவதும், சாகக் கிடப்பவரை வழியனுப்புவதும்...'
கையால் அவள் வாயைப் பொத்தினேன்.
'மொய்க்கு மேல ஒரு ரூபா வைப்போம்ல சார்,
உறவு முறியக்கூடாதுன்னு.
அவங்க ஊர்லயும் அதுதான்.'
பாதி பொய். எந்தப் பாதி என்று
இன்னும் பிரிக்க முடியவில்லை.
முதலாளி காசைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

ஆட்டோவில் ஏறும்போது
'நான் செல்கிறேன்' என்றாள் போன் பெண்.
அப்படிச் சொல்லக்கூடாதும்மா,
போயிட்டு வர்றேன்னு சொல்லணும் என்றேன்.
அவள் அதை எப்படித் திருப்பினாளோ,
அவன் முகம் மலர்ந்தது.
'தாங்கள் எப்போது வருகிறீர்கள், கோ?'

பாஸ்போர்ட்டுக்கு
எந்த ஃபாரம் என்றே எனக்குத் தெரியாது.